அடுத்த விலக்கு வரைக்கும்தான் தெரியும்

மல்லாங்கிணற்றில் இருக்கும் தங்கச்சி, அருப்புக்கோட்டையில் வாக்கப்பட்ட அக்காவை வீடியோ காலில் கூப்பிடுகிறாள். பஸ் ஏறினால் முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஆனால் தங்கச்சி வீட்டில் இருப்பது ஒரு கம்பெனியின் ஃபைபர், அக்கா போனில் இருப்பது வேறொரு கம்பெனியின் சிம். அந்த இரண்டு கம்பெனிகளின் லைன்களும் நம் பக்கத்தில் எங்கேயும் ஒன்றோடொன்று சேருவதில்லை. பெரும்பாலும் சென்னையில்தான் சேருகின்றன. ஆகவே "சாப்பிட்டியாக்கா?" என்ற கேள்வி காரியாபட்டி, மதுரை தாண்டி ஐநூறு கிலோமீட்டர் வடக்கே போய், சென்னையில் கை மாறி, மறுபடியும் ஐநூறு கிலோமீட்டர் தெற்கே இறங்கி அருப்புக்கோட்டை போய்ச் சேருகிறது. கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடுவதால் இந்தச் சுற்று இரண்டு பேருக்குமே தெரிவதில்லை.

நான் மல்லாங்கிணற்றில் லைன் கொடுக்கிறவன். கேபிள் டிவி காலத்தில் கருப்பு வயரைத் தோளில் போட்டுக்கொண்டு மாடி மாடியாக ஏறினேன். இப்போது அதே தெருக்களில் ஃபைபர் இழுக்கிறேன். கடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறையில் ஓஎல்டி (வீடுகளுக்குப் போகும் இழையில் ஒளி அனுப்பும் பெட்டி), ரவுட்டர், இன்வெர்ட்டர் பேட்டரி எல்லாம் இருக்கின்றன. ஓஎல்டியிலிருந்து கிளம்பும் இழை ஸ்ப்ளிட்டரில் பிரிந்து வீடு வீடாகப் போகும். இன்னொரு பக்கம் ஒரே ஓர் இழை மதுரைக்குப் போகும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் ரவுட்டர் என்ன செய்கிறது என்பதை ஊரில் யாருக்கும் யாரும் சொன்னதில்லை. எல்லாரும் 'நெட்' என்கிறார்கள். வந்தால் நெட் இருக்கிறது, வராவிட்டால் நெட் இல்லை. உள்ளே நடப்பது சொன்னால் புரிகிற விஷயம்தான். அது புரிந்தால், நம்மைப் போன்ற ஊர்கள் எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதும் புரிந்துவிடும். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

வேலைக்குச் சேரும் பையன்கள் ஒரே எண்ணத்தோடு வருகிறார்கள். ரவுட்டருக்குள் உலகத்தின் வரைபடம் இருக்கிறது, அது முழு வழியையும் பார்த்து முடிவுசெய்து அனுப்புகிறது என்று நினைக்கிறார்கள். "அதுக்கு ஊர் போற வழி தெரியாதுடா. அடுத்த விலக்கு எதுன்னு மட்டும்தான் தெரியும்" என்பதுதான் அவர்களுக்கு நான் சொல்லும் முதல் பாடம்.

இங்கிருந்து மதுரைக்கு இரண்டு வழி உண்டு. கல்குறிச்சி போய்த் தூத்துக்குடி–மதுரை நாற்கரச் சாலையில் ஏறிக் காரியாபட்டி வழியாகப் போகலாம். மேற்கே விருதுநகர் போய்த் திருமங்கலம் வழியாகவும் போகலாம். வழி தெரியாத ஒருவர் கிளம்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு விலக்கிலும் ஓர் ஆள் நிற்கிறார். "மதுரை" என்றால் ஒரு திசையில் கையை நீட்டுவார். அடுத்த விலக்கில் நிற்பவர் எந்தப் பக்கம் காட்டுவார் என்பது இவருக்குத் தெரியாது. வந்தவர் எந்த ஊர்க்காரர் என்றும் கேட்க மாட்டார். போகிற ஊர் எது, அதற்கு இங்கிருந்து எந்தப் பக்கம், அவ்வளவுதான். கை காட்டுகிற ஆள்தான் ரவுட்டர், வழி கேட்டுப் போகிறவர் பாக்கெட்.

நீங்கள் அனுப்பும் எதுவும் முழுசாகப் போவதில்லை. மூன்று எம்பி போட்டோ ஒன்று இரண்டாயிரத்துச் சொச்சம் துண்டுகளாகிறது. வழக்கமாக ஒரு துண்டு 1,500 பைட்டுக்கு மேல் இருக்காது. ஒவ்வொரு துண்டின் தலையிலும் அனுப்பியவரின் எண், பெறுகிறவரின் எண், இன்னும் சில குறிப்புகள் இருக்கும். துண்டுகள் தனித்தனியாகக் கிளம்பிப் போய்ச் சேர்ந்தபின் ஒன்றாகும். 1960-களில் அமெரிக்காவில் பால் பாரனுக்கும் இங்கிலாந்தில் டொனால்டு டேவிஸுக்கும் இந்த யோசனை தனித்தனியாக வந்தது. துண்டுக்குப் 'பாக்கெட்' என்று பெயர் வைத்தவர் டேவிஸ். பாரனின் கவலை வேறு. அணுகுண்டு விழுந்து பாதி நாடு அழிந்தாலும் மீதிப் பாதி பேசிக்கொள்ள முடியுமா என்று அவர் யோசித்தார். நடுவில் ஒரு பெரிய எக்ஸ்சேஞ்ச் இருந்தால் அதை அடித்தால் போதும், எல்லாம் போய்விடும். மையமே இல்லாமல், ஒவ்வொரு சந்தியும் தன் அளவில் முடிவெடுத்தால் எது விழுந்தாலும் மிச்சம் பிழைக்கும். 1969 அக்டோபரில் அமெரிக்காவின் ஆர்ப்பாநெட்டில் முதல் செய்தி போனது இந்த முறையில்தான்.

உங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் வெள்ளைப் பெட்டியும் ஒரு ரவுட்டர். வீட்டுக்குள் இருக்கும் போன், டிவி, லேப்டாப் ஆகியவற்றின் எண்கள் அதற்குத் தெரியும். அவை பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். வேறு எந்த எண் கேட்டு வந்தாலும் அது ஃபைபர் பக்கம் கை காட்டிவிடும். 'மற்றதெல்லாம் இந்தப் பக்கம்' என்கிற இந்த ஒற்றை வரியைத் தொழிலில் டீஃபால்ட் ரூட் என்போம். என் அறையில் இருப்பதும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஊருக்குள் இருக்கும் இணைப்புகளை அறியும்; மற்றதெல்லாம் மதுரை. எந்த வழி என்று தேர்ந்தெடுக்கும் வேலை மதுரைக்கு அப்பால்தான் தொடங்குகிறது. இதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

பாக்கெட் போகும் வழியைக் கண்ணால் பார்க்க முடியும். அதன் தலையில் ஓர் எண் இருக்கிறது. பெரும்பாலும் 64 அல்லது 128-ல் தொடங்கும். தாண்டுகிற ஒவ்வொரு ரவுட்டரும் அதில் ஒன்றைக் கழிக்கும். பூஜ்யமானால் பாக்கெட்டைக் கீழே போட்டுவிட்டு, அனுப்பியவருக்கு ஒரு தகவல் சொல்லும். இரண்டு ரவுட்டர்கள் தப்பாக ஒன்றையொன்று கை காட்டிக்கொண்டால், நடுவில் மாட்டிய பாக்கெட் முடிவே இல்லாமல் போய்வந்துகொண்டிருக்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது. 1980-களின் பிற்பகுதியில் வான் ஜேக்கப்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் இதை வைத்தே ஒரு கருவி செய்தார். எண்ணை வேண்டுமென்றே 1 என்று வைத்து அனுப்பினால் முதல் ரவுட்டரில் பூஜ்யமாகும். அது தகவல் சொல்லும்போது தன் எண்ணையும் சொல்லும். 2 என்று வைத்தால் இரண்டாவது ரவுட்டர் சொல்லும். இப்படியே போனால் வழி முழுக்கத் தெரிந்துவிடும். டிரேஸ்ரூட் என்பது இதுதான். உங்கள் கம்ப்யூட்டரிலும் இருக்கிறது.

பாலிடெக்னிக் படிக்கும் பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி என் கடையில் உட்கார்ந்து இதைப் போட்டுப் பார்த்தாள். சிங்கப்பூரில் இருக்கும் ஒரு கல்லூரியின் முகவரியைக் கொடுத்தாள்.

"சித்தப்பா, மூணாவது வரியில வெறும் ஸ்டாரா வருதே. அங்க கட்டாயிருச்சா?"

"கட்டானா நாலாவது வரி எப்படிம்மா வரும்? அந்த ரவுட்டர் நமக்குப் பதில் சொல்ல மாட்டேங்குது. ஆனா பாக்கெட்டை அனுப்பி விட்டுருது."

"சென்னை வரைக்கும் பதினஞ்சு மில்லிசெகண்டு. அடுத்த வரியில அம்பதுக்கிட்ட தாவிருச்சே?"

"அந்த ஒரு வரிதாம்மா கடல்."

சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே வங்கக்கடலுக்கு அடியில் மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் இழை கிடக்கிறது; ஐ2ஐ என்ற கேபிள் 2002-ல் போடப்பட்டது. போய்த் திரும்ப முப்பது மில்லிநொடிக்கு மேல் ஆகத்தான் செய்யும். ஒளியை அதைவிட வேகமாக ஓட்ட எந்தக் கம்பெனியாலும் முடியாது. அந்தப் பெண் திரையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடங்களில் இதைச் செய்து காட்ட வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

இப்போது, விலக்கில் நிற்பவர் எதைப் பார்த்துக் கை காட்டுகிறார் என்று பார்ப்போம். பாக்கெட்டின் தலையில் இருக்கும் எண்தான் முகவரி; பழைய முறையில் அது 32 பிட் நீளம். மொத்தம் சுமார் 429 கோடி எண்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி வைத்துக்கொள்ள முடியாது. அதனால் 'இந்த இலக்கங்களில் தொடங்குவது எல்லாம் இந்தப் பக்கம்' என்று தொகுதி தொகுதியாக ஓர் அட்டவணை இருக்கும். உலகம் முழுமைக்கும் வழி வைத்திருக்கும் பெரிய ரவுட்டர்களில் இந்த அட்டவணை இன்று பத்து லட்சம் வரிகளை ஒட்டி நிற்கிறது. வருகிற பாக்கெட்டின் எண்ணை அதில் தேடி, பொருந்தும் வரியை எடுத்து, அது சொல்லும் வாசல் வழியாக வெளியே தள்ள வேண்டும். இந்தத் தேடலுக்கென்றே தனிச் சில்லுகள் செய்கிறார்கள். பெரிய ரவுட்டர்கள் நொடிக்குப் பல கோடிப் பாக்கெட்டுகளை இப்படித் தள்ளுகின்றன.

ஒரே எண்ணுக்கு இரண்டு மூன்று வரிகள் பொருந்தினால் என்ன செய்வது? கல்குறிச்சியில் 'மதுரை மாவட்டம் முழுக்க: வடக்கே' என்று ஒரு போர்டும், 'திருமங்கலம்: மேற்கே' என்று இன்னொரு போர்டும் இருந்தால், திருமங்கலம் போகிறவர் இரண்டாவது போர்டைத்தான் பார்க்க வேண்டும். திருமங்கலமும் மதுரை மாவட்டம்தான், ஆனாலும் குறிப்பாகச் சொல்கிற போர்டுக்குத்தான் மதிப்பு. ரவுட்டரும் அப்படியே. எந்த வரி அதிக இலக்கங்கள் வரை பொருந்துகிறதோ அது ஜெயிக்கும். இந்த விதியில் விதிவிலக்கே கிடையாது, அதனால் வந்த வினையைச் சற்று நேரத்தில் சொல்கிறேன்.

அட்டவணையை யார் எழுதுகிறார்கள்? சின்ன இடத்தில் மனிதர்களே எழுதலாம். என் ரவுட்டரில் நானே எழுதியிருக்கிறேன். பெரிய கம்பெனிக்குள் ஆயிரக்கணக்கான ரவுட்டர்கள் இருக்கும், அங்கே ரவுட்டர்கள் தங்களுக்குள் பேசித்தான் எழுதிக்கொள்கின்றன. அதிகம் பயன்படும் முறை ஒஎஸ்பிஎஃப். ஒவ்வொரு ரவுட்டரும் 'எனக்குப் பக்கத்தில் இன்னார் இன்னார் இருக்கிறார்கள், அவர்களிடம் போக இவ்வளவு செலவு' என்று எல்லாருக்கும் அறிவிக்கும். எல்லா அறிவிப்புகளையும் சேர்த்தால் அந்தக் கம்பெனியின் வலை மட்டும் படமாகக் கிடைக்கும். அதில் குறைந்த செலவுள்ள வழியை ஒவ்வொரு ரவுட்டரும் தானே கணக்குப் போட்டுக்கொள்ளும்.

அந்தக் கணக்கு எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா என்ற டச்சுக்காரருடையது. 1956-ல் ஆம்ஸ்டர்டாமில் தான் மணக்கவிருந்த பெண்ணோடு கடைவீதி சுற்றிக் களைத்து, ஒரு காபிக் கடையில் உட்கார்ந்தபோது, காகிதம் பேனா இல்லாமல் இருபது நிமிடத்தில் யோசித்ததாக அவரே சொல்லியிருக்கிறார். ரோட்டர்டாமிலிருந்து குரோனிங்கனுக்கு மிகக் குறுகிய வழி எது என்பதுதான் அன்றைய கேள்வி. கிளம்பும் இடத்துக்கு மிக அருகில் உள்ள ஊரை முதலில் தீர்த்துக்கொள், பிறகு அதற்கடுத்து அருகில் உள்ளதை, இப்படி ஒவ்வொன்றாக விரித்துக்கொண்டே போ. அவ்வளவுதான் அந்தக் கணக்கு. 1959-ல் மூன்று பக்கக் கட்டுரையாக வெளிவந்தது. இன்று உலகில் எங்கோ ஓர் இழை அறுபடும்போதெல்லாம் ரவுட்டர்கள் அதைப் போட்டுப் பார்க்கின்றன.

அறுந்தது எப்படித் தெரியும் என்றால், பக்கத்து ரவுட்டர்கள் வழக்கமாகப் பத்து நொடிக்கு ஒரு முறை ஒன்றுக்கொன்று வணக்கம் சொல்லிக்கொள்கின்றன. நாற்பது நொடி சத்தமே இல்லையென்றால் அந்தப் பக்கம் போய்விட்டது என்று முடிவுகட்டி, எல்லாருக்கும் சொல்லிவிட்டு, மறுபடி கணக்குப் போடும். லைட்டே வரவில்லை என்றால் நாற்பது நொடிகூடக் காத்திருக்காது.

இது ஒரு கம்பெனிக்குள் நடப்பது. கம்பெனிக்கும் கம்பெனிக்கும் நடுவில் நடப்பது வேறு. இணையம் என்பது பல்லாயிரம் தனித்தனி வலைகள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. பிஎஸ்என்எல் 9829, ஏர்டெல் 9498, ஜியோ 55836. இவை ஒன்றுக்கொன்று வழி சொல்லிக்கொள்ளும் முறைக்கு பிஜிபி என்று பெயர். 1989-ல் சிஸ்கோவின் கிர்க் லோஹீடும் ஐபிஎம்மின் யாக்கோவ் ரெக்டரும் மதியச் சாப்பாட்டு மேசையில் காகிதக் கைத்துண்டுகளில் எழுதிப் பார்த்த முறை அது. 'இந்த எண்கள் என்னிடம் இருக்கின்றன' என்று ஒரு வலை பக்கத்து வலையிடம் சொல்லும். அது தன் எண்ணையும் முன்னால் சேர்த்து அதற்கடுத்த வலையிடம் சொல்லும். கேட்டுக்கொள்கிற ரவுட்டருக்கு, எந்தெந்த வலைகளைத் தாண்டிப் போக வேண்டும் என்ற வரிசை கிடைத்துவிடும்.

இங்கே குறுகிய வழிதான் ஜெயிக்கும் என்று நினைக்க வேண்டாம். வரிசையின் நீளத்தைப் பார்ப்பதற்கு முன்பே, கம்பெனிக்காரர்கள் எழுதி வைத்த விருப்பத்தை ரவுட்டர் பார்க்கும். அந்த விருப்பம் காசு சம்பந்தப்பட்டது. எனக்குப் பணம் தருகிற வாடிக்கையாளர் வழியாகப் போக முடிந்தால் முதலில் அது. அடுத்து, காசில்லாமல் பரிமாறிக்கொள்ள ஒப்புக்கொண்ட சம அந்தஸ்துக் கம்பெனி. நான் பணம் கொடுக்க வேண்டிய பெரிய கம்பெனி கடைசி. தங்கச்சியின் பேச்சு சென்னை சுற்றி அருப்புக்கோட்டை போவதற்கு இதுதான் காரணம். விருதுநகரில் ஓர் அறை எடுத்து இரண்டு கம்பெனி லைன்களையும் சேர்ப்பது தொழில்நுட்பத்தில் கஷ்டமே இல்லை. அதற்கான செலவுக்கு யாருக்கும் கணக்கு ஒத்துவரவில்லை.

ஒரு காலத்தில் நிலைமை இதைவிட மோசம். 1995 ஆகஸ்ட் 15-ல் விஎஸ்என்எல் இணையத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. பின்னால் தனியார் கம்பெனிகளும் வந்தபோது, இரண்டு இந்தியக் கம்பெனிகளுக்கு நடுவே போகும் பாக்கெட்டில் பெரும்பகுதி அமெரிக்கா வரை போய்த் திரும்பியது. அதைத் தடுக்கத்தான் 2003-ல் நிக்ஸி என்ற பரிமாற்ற மையம் வந்தது. நொய்டா, மும்பை, சென்னை, கொல்கத்தா என்று தொடங்கினார்கள். நாட்டுக்குள் கிளம்பி நாட்டுக்குள் முடிவது வெளியே போக வேண்டியதில்லை என்ற எளிய நியாயம்தான். அந்த நியாயத்தை ஒவ்வொரு மாவட்டத்துக்கும் நீட்ட வேண்டும் என்பது என் கட்சி.

பிஜிபியில் இன்னொன்றும் இருக்கிறது. பக்கத்து வலை சொல்வதை ரவுட்டர் நம்பிவிடும். 2008 பிப்ரவரி 24-ல் பாகிஸ்தான் அரசு யூடியூபைத் தடைசெய்யச் சொன்னது. பாகிஸ்தான் டெலிகாம் தன் நாட்டுக்குள் யூடியூப் போகும் பாக்கெட்டுகளை ஒன்றுமில்லாத இடத்துக்குத் திருப்புவதற்காக ஒரு வரி எழுதியது. அந்த வரி ஹாங்காங்கில் இருந்த பிசிசிடபிள்யூ என்ற கம்பெனி வழியாக உலகம் முழுக்கக் கசிந்துவிட்டது. யூடியூப் அப்போது 1,024 எண்கள் கொண்ட தொகுதியாகத் தன்னை அறிவித்திருந்தது. பாகிஸ்தான் வரி அதற்குள் 256 எண்களை மட்டும் குறிப்பாகச் சொன்னது. குறிப்பாகச் சொல்கிற போர்டுதான் ஜெயிக்கும் என்றேன் அல்லவா? உலகத்தின் பெரும்பகுதியில் யூடியூப் பார்க்கக் கிளம்பிய பாக்கெட்டுகள் பாகிஸ்தான் நோக்கிப் போய்க் காணாமல் போயின. இரண்டு மணி நேரம் இது நடந்தது. யூடியூபும் அதே 256 எண்களையும், அதைவிடச் சின்ன 128 எண் தொகுதிகளையும் அறிவித்துத்தான் போராடியது. எண்ணுக்கு உரிமையாளர் யார் என்பதைக் கையெழுத்தோடு உறுதிசெய்யும் ஆர்பிகேஐ என்ற ஏற்பாடு பிறகு வந்தது. அதைப் பெரிய கம்பெனிகள் ஏற்றுக்கொண்டு வருகின்றன. எல்லாரும் ஏற்கும் வரை கதவு முழுசாகப் பூட்டியதாகாது.

அட்டவணை பெருத்தும் தொல்லை வந்திருக்கிறது. 2014 ஆகஸ்ட் 12-ல் உலக அட்டவணை 5,12,000 வரிகளைத் தாண்டியது. பழைய ரவுட்டர்கள் பலவற்றில் அதற்கு மேல் இடம் ஒதுக்கியிருக்கவில்லை. பல நாடுகளில் இணையம் தடுமாறியது.

ராத்திரி எட்டு மணிக்கு என் போன் ஓயாமல் அடிக்கும். "தம்பி, பேரன் மொகம் அப்படியே நிக்குதுப்பா" என்று ஒரு அப்பத்தா கூப்பிடுவார். மகன் ஷார்ஜாவில் இருக்கிறார். அந்த நேரத்தில் ஊரே படம் பார்க்கும். வெளியே போகும் இழையின் கொள்ளளவைவிட அதிகமாகப் பாக்கெட் வந்தால் ரவுட்டர் கொஞ்சத்தை வரிசையில் நிறுத்தி வைக்கும், வரிசையும் நிரம்பினால் வருவதைக் கீழே போட்டுவிடும். இதில் குற்றம் ஒன்றுமில்லை; அது அப்படித்தான் வடிவமைக்கப்பட்டது. போட்டோவோ வங்கிக் கணக்கோ என்றால், விட்டுப்போன துண்டை இரண்டு முனையில் இருக்கும் கருவிகளும் பேசித் திரும்ப அனுப்பிக்கொள்ளும். வீடியோ காலில் அதற்கு நேரமில்லை. போனது போனதுதான், முகம் நின்றுவிடும்.

1986 அக்டோபரில் அமெரிக்காவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் நடுவே, நானூறு கஜ தூரத்தில், நொடிக்கு 32,000 பிட் போக வேண்டிய லைனில் 40 பிட் போனது. தொலைந்த துண்டுகளை எல்லாரும் அவசர அவசரமாக மறுபடி மறுபடி அனுப்பியதால் நெரிசல் இன்னும் முற்றியது. டிரேஸ்ரூட் செய்த அதே ஜேக்கப்சன்தான் தீர்வு கண்டார். தொலைகிறது என்று தெரிந்தால் வேகத்தைக் குறை, பிறகு மெல்லக் கூட்டிப் பார் என்ற ஒழுங்கை அனுப்பும் கருவிகளுக்கு அவர் வைத்தார். 1988-ல் வந்த அந்த ஒழுங்கு இன்றும் உங்கள் போனில் ஓடுகிறது. நெரிசல் என்று தெரிந்தால் ரவுட்டர் தானாகவே வேறு வழியில் திருப்பிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படித் திருப்புவதில்லை. அது பார்ப்பது வழி இருக்கிறதா இல்லையா என்பதை. அந்த வழியில் கூட்டமா என்பதை அது பார்ப்பதில்லை.

வழி இருக்கிறதா என்பதுதான் பெரிய கேள்வி. 2008 ஜனவரி 30-ல் எகிப்தின் அலெக்சாண்டிரியா அருகே ஃப்ளாக், சீ-மீ-வி 4 ஆகிய இரண்டு கடலடிக் கேபிள்களும் அறுந்தன. இந்தியாவிலிருந்து மேற்கே போகும் போக்குவரத்தில் பெரும்பகுதி நின்றது. கிழக்கே சென்னை, சிங்கப்பூர், பசிபிக் என்று சுற்றிப் போக இழை வைத்திருந்தவர்கள் அதில் திருப்பிவிட்டுச் சமாளித்தார்கள். சுற்றுவழிதான், தாமதம்தான், ஆனால் போனது. அன்றைக்கு அவர்களைக் காப்பாற்றியது ரவுட்டரின் புத்தி என்பதைவிட, முன்கூட்டியே கடலில் போட்டு வைத்திருந்த இரண்டாவது கேபிள் என்றுதான் நான் சொல்வேன்.

நம் பக்கத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு எங்கள் ஊரிலிருந்து போகாத குடும்பம் குறைவு. அதைத் தொடங்கிய டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி எட்டயபுரத்தை அடுத்த வடமலாபுரத்துக்காரர், கரிசல் மண்ணில் பிறந்தவர். தேனியில் இருக்கும் அரவிந்த் மருத்துவமனையைச் சுற்றுவட்டார ஊர்களின் சின்னக் கண் மையங்களோடு 2000-களின் நடுவில் வைஃபை மூலம் இணைத்தார்கள். பெர்க்லியில் எரிக் புரூவரின் ஆய்வுக் குழு அதைச் செய்தது. வீட்டில் ஓர் அறையைத் தாண்டாத வைஃபையை, உயர்ந்த கோபுரங்களில் குறிபார்த்து வைத்த ஆன்டெனாக்கள் மூலம் பல கிலோமீட்டர் தாண்ட வைத்தார்கள். ஊரில் உட்கார்ந்த நோயாளியைத் தேனி டாக்டர் திரையில் பார்த்துப் பேசினார். அந்தக் குழு பின்னால் தன் அனுபவத்தை எழுதியபோது, பெரிய தொல்லையாகச் சொன்னது ரேடியோ அலையை அல்ல, கரண்டை. ஏறி இறங்கும் மின்சாரத்தில் ரவுட்டர்களும் பவர் சப்ளைகளும் எரிந்தன. நான் அதைப் படித்தபோது என் அறைக்குள் யாரோ வந்து பார்த்துவிட்டு எழுதியது போல இருந்தது. கோடை மழையில் ஓர் இடி இடித்தால் எத்தனை வீட்டில் அடாப்டர் போகும் என்பது இந்த வேலை பார்க்கிறவர்களுக்குத் தெரியும்.

இனி, முன்னால் குறித்துக்கொள்ளச் சொன்னதற்கு வருகிறேன். என் அறையிலிருந்து வெளியே போவது ஒரே இழை. அது காரியாபட்டிப் பக்கம் ரோட்டோரமாகப் போகிறது. குடிநீர்க் குழாய்க்கோ, ரோடு அகலப்படுத்தவோ, சீமைக்கருவேலம் பிடுங்கவோ ஜேசிபி வந்தால், மண்ணுக்கு மூன்றடிக் கீழே இருப்பது அதன் வாளிக்குத் தெரியாது. இழை அறுந்த அந்த நிமிடத்தில் ஊர் முழுக்க நிற்கும். ரேஷன் கடை மிஷின், மளிகைக் கடை க்யூஆர் கோடு, இ-சேவை மையம், ஆன்லைன் வகுப்பு எல்லாம் நிற்கும். என் ரவுட்டருக்கும் டைக்ஸ்ட்ராவின் கணக்குப் போடத் தெரியும். பத்து நொடிக்கொரு வணக்கம் சொல்லவும் தெரியும். ஆனால் விலக்கே இல்லாத ரோட்டில் ஆளை நிறுத்தி என்ன பயன்? கை காட்ட இரண்டாவது திசை வேண்டும். நான் இழையை ஒட்டும் ஸ்ப்ளைசிங் மிஷினைத் தூக்கிக்கொண்டு, ஓடிடிஆர் கருவி காட்டும் தூரத்தைக் கணக்குப் பார்த்து, அறுந்த இடத்தைத் தேடி ரோட்டோரமாகப் போவேன். டார்ச் வெளிச்சத்தில் முடி போன்ற அந்த இழையை உரித்து, துடைத்து, வெட்டி ஒட்டும் வரை ஊர் காத்திருக்கும்.

பாரன் 1964-ல் இதற்குக் கணக்கே போட்டு வைத்திருக்கிறார். எல்லாச் சந்திகளையும் எப்படியோ ஒன்றோடொன்று கோர்க்கத் தேவையான குறைந்தபட்ச இணைப்புகளைப் போல மூன்று நான்கு மடங்கு இருந்தால், பல சந்திகள் அழிந்தாலும் மீதமுள்ளவை பேசிக்கொள்ளும் என்று காட்டினார். அதில் பாதி நமக்குக் கிடைத்தாலே போதும். கிராமங்களுக்கு ஃபைபர் கொண்டுபோகும் திட்டத்தை மத்திய அரசு 2011-ல் தொடங்கியது. இன்று அது பாரத்நெட். தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளை இணைக்கும் பொறுப்பைத் தமிழ்நாடு ஃபைபர்நெட் நிறுவனம் ஏற்றது. தொடக்கத்தில் அந்தத் திட்டத்தில் ஊராட்சி ஒன்றியத் தலைமையிடத்திலிருந்து கிராமத்துக்கு ஒற்றை வழிதான் போட்டார்கள்; நடுவில் அறுந்தால் அதற்கப்பால் எதுவும் இல்லை. 2023 ஆகஸ்டில் சுமார் 1.39 லட்சம் கோடி ரூபாயில் ஒப்புதல் பெற்ற திருத்திய திட்டத்தில் வளையமாகப் போடுவது என்று மாற்றியிருக்கிறார்கள். வளையத்தில் ஓர் இடம் அறுந்தால் மறுபக்கமாகச் சுற்றி வந்துவிடலாம். இது மிகச் சரியான முடிவு. அதே 2023 மார்ச்சில், தோண்டுவதற்கு முன் அந்த இடத்தில் கேபிள் யாருடையது என்று பார்த்துத் தகவல் சொல்ல 'கால் பிஃபோர் யூ டிக்' என்ற செயலியையும் வெளியிட்டார்கள். ஜேசிபி ஓட்டும் ஒவ்வொரு தம்பியின் போனிலும், வேலை கொடுக்கும் ஒவ்வொரு காண்டிராக்டர் போனிலும் அது இருக்க வேண்டும்.

எங்களுக்கு இரண்டாவது திசை மேற்கே விருதுநகர். அந்தப் பக்கமாக ஓர் இழை வந்துவிட்டால் ரவுட்டரில் நான் செய்ய வேண்டிய வேலை சில வரிகள்தான். காரியாபட்டிப் பக்கம் அறுந்தால் நாற்பது நொடிக்குள் எல்லாம் விருதுநகர் வழியாகத் திரும்பிவிடும். அப்பத்தாவுக்கு முகம் கொஞ்ச நேரம் நின்று மறுபடி அசையும். செலவு இழையில் இல்லை. இழை மலிவு. பள்ளம் தோண்டி மூடுவதில்தான் பணம் முழுக்கப் போகிறது. விருதுநகர் ரோட்டில் அடுத்த முறை குழாய்க்கோ வடிகாலுக்கோ பள்ளம் தோண்டும்போது, மூடுவதற்கு முன்னால் அதே பள்ளத்தில் ஒரு காலி எச்டிபிஇ பிளாஸ்டிக் குழாயைப் போட்டு, இரண்டு முனையையும் அடைத்து, எந்த இடத்தில் போகிறது என்று பேரூராட்சி அலுவலகத்தில் எழுதி வைத்தால் போதும். இழையை நாங்கள் காற்றடித்து உள்ளே செலுத்திக்கொள்வோம்.